ரீவியை நிற்பாட்டச் சொன்னது பற்றி

எங்கள் சனசமூக நிலையத்தில் ரீவியை நிற்பாட்டச் சொல்லி நான் கத்திய அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் என்ன நடந்தது என்று நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அதில் நான் கத்துவது மட்டும் இருக்கிறது, ஏன் கத்தினேன் என்பதை வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர் அப்படியே என் தொந்தியையும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம், புண்ணியமாகப் போயிருக்கும்.

இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை பிடித்த அந்தக் கிழமை, 2025 மே 8 வியாழக்கிழமை இரவு, எங்கள் சனசமூக நிலையத்தில் பஞ்சாப் – டெல்லி ஐபிஎல் மேட்ச் போய்க்கொண்டிருந்தது. தரம்சாலாவில் பதினோராவது ஓவரில் லைற் அணைந்து, ஆட்டம் நின்று, சனத்தை வெளியே அனுப்பினார்கள். உடனே ஒரு தம்பி ரிமோட்டை எடுத்துச் செய்திக்கு மாற்றினார். மாறியது சானல் மட்டும்தான், ஆட்கள் மேட்சிலேயே இருந்தார்கள். இந்தியா அடித்துக் கராச்சித் துறைமுகம் எரிகிறது என்று அங்கே அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்த, இங்கே விசில். “அடுத்த விக்கெட் லாகூர்” என்றார் ஒருவர். அவர் பெடியன் இல்லை, என்னைவிட மூத்தவர், எங்கள் போர்க்காலத்தில் குண்டுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டிக் கை காய்த்தவர். அந்த இடத்தில்தான் நான் எழும்பினேன்.

கராச்சித் துறைமுகம் எரியவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்தக் கிழமை முழுக்கக் கணினி விளையாட்டுக் காட்சியைக்கூட உண்மைக் குண்டு என்று பரப்பினார்கள், நாங்களும் பார்த்துப் பார்த்து அனுப்பினோம். அதை விடுவோம். எரிந்திருந்தாலும் நான் சொல்வது இதுதான். குண்டு போடுகிற விமானத்தைக் கண்டு ஓடிய சனம், குண்டு போடுகிற விமானத்துக்குக் கைதட்டக் கூடாது. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

நான் யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் வளர்ந்தவன். 1995 ஜூலை 9 பக்கத்து நவாலி தேவாலயத்தில் இலங்கை விமானப்படையின் குண்டு விழுந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. இராணுவம் முன்னேறி வருகிறது என்று வலிகாமத்தின் மற்றப் பக்கங்களிலிருந்து ஓடி வந்த சனம், கோயில் என்றால் போடமாட்டார்கள் என்று நம்பி அங்கே இருந்தது. நூற்றுக்கு மேல் செத்தார்கள். சத்தம் கேட்டபோது அம்மா இரவுப் புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. பங்கருக்குள் இறங்கி, மூச்சு வாங்கி, ஆட்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் கண்டோம், பாதித் தேங்காய் அம்மாவின் கையிலேயே இருக்கிறது. தம்பி அதை வாங்கி நகத்தால் சுரண்டித் தின்றான். இருட்டுகிற நேரம் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரங்களில் காயக்காரரை ஏற்றிக்கொண்டு போனதைப் படலையில் நின்று பார்த்தேன். ஒரு பெட்டியின் பின்பக்கத்தால் ஒரு கால் வெளியே தொங்கியது, பாட்டாச் செருப்போடு. வண்டி அந்தக் குலுக்குக் குலுக்கியும் செருப்பு விழவில்லை. ஏன் விழவில்லை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன், பதின்மூன்று வயதில் வேறு என்னத்தை யோசிப்பது?

சரி, இப்போது என்னைத் திட்டியவர்களுக்கு வருகிறேன்.

“உனக்கு இந்தியாவைப் பிடிக்காது.” தம்பி, நான் இந்தியப் படம் பார்க்கிறவன், என் மனிசி இந்தியச் சீலை கட்டுகிறவ, இந்தியா யாழ்ப்பாணத்தில் கட்டித்தந்த அந்தப் பதினொரு மாடிக் கலாசார நிலையத்தில் ஏசிக்குள் இருந்து நாடகம் பார்த்தவன். பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை, அது யாருக்கும் தேவையும் இல்லை.

“பகல்காமில் 26 பேரைக் கொன்றார்களே, அப்போது எங்கே போனாய்?” அது கொலை. அதற்கும் நான் விசிலடிக்கவில்லை. கஷ்மீரில் பூஞ்சில் பீரங்கிச் செல் விழுந்து வீட்டுக்குள் இருந்த சனம் செத்தது, அதில் பிள்ளைகளும் இருந்தார்கள், அது இந்தியப் பக்கம்தான். எல்லைக்கு அந்தப் பக்கமும் பிள்ளைகள் செத்தார்கள். இரண்டில் எதற்குக் கைதட்டுவது என்று நீங்களே தெரிவுசெய்து சொல்லுங்கள்.

மூன்றாவது ஆள் கொஞ்சம் படித்தவர். “2000ஆம் ஆண்டு பாகிஸ்தான் இலங்கை இராணுவத்துக்குக் கொடுத்த மல்ரிபரல் ரொக்கெற்தானே எங்கள் தலையில் விழுந்தது, அதற்குப் பழி” என்கிறார். ஓம், பாகிஸ்தான் கொடுத்ததுதான், மறுக்கவில்லை. அந்தக் கணக்கையே எடுப்போம். எங்கள் மேல் குண்டு போட்ட விமானங்களில் கிபிர் இஸ்ரேலில் செய்தது. மிக் 27 உக்ரைனில் வாங்கியது. எஃப் 7 சீனா. ராடர் இந்தியா. யார் யாருக்குப் பழி தீர்க்கப் போகிறீர்கள்? உக்ரைனில் குண்டு விழுகிறபோதும் இவர்கள் இப்படித்தான் எழும்பி நின்று கைதட்டுவார்களா, அல்லது அங்கே மேட்ச் இல்லை என்பதால் விட்டுவிடுவார்களா?

ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. எங்களுக்கு யார் அழுதார்கள்? 2009இல் போரின் கடைசியில் வன்னியில் நாங்கள் சாகும்போது உலகம் பார்த்துக்கொண்டுதானே இருந்தது, இப்போது உலகத்துக்காக நாங்கள் ஏன் அழ வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது. அந்த மே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வன்னியில் இருந்த சித்தி குடும்பத்தின் பெயர்களைக் கேட்டு ஆள் ஆளாக அலைந்தவர்கள் நாங்கள். ஆனால் யாருமே அழவில்லை என்று சொல்லாதீர்கள். அந்த வருடம் ஜனவரி 29 சென்னையில் முத்துக்குமார் என்ற இளைஞர் எங்களுக்காகத் தன்னைக் கொளுத்திக்கொண்டார். அவருக்கு எங்களைத் தெரியாது. அவரும் ‘எனக்கு யார் அழுதார்கள்’ என்று கணக்குப் பார்த்திருந்தால் வீட்டில் இருந்து மேட்ச் பார்த்திருப்பார்.

அழாதவர்கள் யார் என்றும் சொல்கிறேன், கேளுங்கள். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள் ஆகவில்லை, மே 27ஆம் திகதி ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையில் ஒரு தீர்மானம் வந்தது. இலங்கையைக் கண்டிக்கிற தீர்மானம் இல்லை, அதற்குச் சாதகமான தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12. இந்தியாவும் ஆதரவு, பாகிஸ்தானும் ஆதரவு. உலகத்தில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு நாடுகள் எங்கள் விஷயத்தில் ஒரே பக்கம் நின்றன. அதில் ஒன்றுக்கு எங்கள் சனசமூக நிலையத்தில் விசில் அடிக்கிறார்கள். அடியுங்கள், நன்றாக அடியுங்கள், அவர்களுக்குக் கேட்கப் போகிறது.

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்துக் கஞ்சி வார்க்கிற கஞ்சி வாரம் நேற்றுத் தொடங்கியது, அந்தக் கோபமும் இதற்குள் இருக்கிறது. மே 18 நினைவு நாளுக்கு அரிசி சேர்க்க வந்த பெடியள் வியாழக்கிழமை முன்வரிசைக் கதிரையில் இருந்த அதே பெடியள்தான். நல்ல பிள்ளைகள், 2024இல் சம்பூரில் கஞ்சி வார்த்த பெண்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனபோது இரண்டு நாள் சாப்பிடாமல் திரிந்தவர்கள். அரிசி கொடுத்தேன். மேட்ச் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, அவர்களும் கதைக்கவில்லை, ‘அண்ணை வாறம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்களோடு கோபம் இல்லை. என்னைவிட மூத்த அந்த மனிதரோடுதான் கோபம். அவருக்குத் தெரியும், கீழே நிற்கிற ஆளுக்கு மேலே இருந்து விழுவது எப்படி இருக்கும் என்று தெரியும், தெரிந்துகொண்டுதான் விக்கெட் எண்ணினார்.

கனடாவிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணத்தார் கோழையாகிவிட்டோம் என்று எழுதியிருக்கிறார். அண்ணை, நீங்கள் எந்த ஆண்டு போனீர்கள் என்று எனக்குத் தெரியும், நான் எழுதவில்லை.

கடைசியாக அம்மா விஷயம். அன்றைக்கு நான் சொன்னதில் அரைவாசிதான் வீடியோவில் இருக்கிறது என்பதால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். 1987 ஜூன் 4 பின்னேரம் இந்தியா ஐந்து அன்ரனோவ் விமானத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாப்பாட்டுப் பொதி கொண்டுவந்து போட்டது, காவலுக்கு மிராஜ் விமானங்கள். வடமராட்சியில் இலங்கை இராணுவத்தின் அடி விழுந்து, இனி எங்களுக்கு ஆர் என்று இருந்த நேரம். ஊரே முற்றத்தில் நின்று கைதட்டியது. அம்மாவும் தட்டினா, என் இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைத்தாவாம். எங்கள் பக்கம் ஒரு பொதியும் விழவில்லை. அதே வருடம் ஒக்ரோபரில் அமைதிப்படை என்று வந்த அதே நாட்டின் ஆமியோடு சண்டை தொடங்கியது, தீபாவளியன்று அந்த ஆமி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து வைத்தியர், தாதிமார், கட்டிலில் கிடந்த நோயாளர் என்று சுட்டது. அம்மா இன்றைக்கும் சொல்வா, “மேலால போற பிளேனுக்குக் கை காட்டக் கூடாது மோனை, அது எங்க போகுதெண்டு எங்களுக்குத் தெரியாது.” இதைத்தான் நான் அங்கே சொல்லிக் கத்தினேன். வீடியோவில் ‘அம்மாவும் கைதட்டினவ’ என்பதோடு வெட்டியிருக்கிறார்கள்.

அதை வைத்து ஒருவர் ‘பருப்புக்குக் கைதட்டினவளின் மகன் வந்திட்டார்’ என்று எழுத, நாற்பத்தெட்டுப் பேர் சிரிப்பு போட்டிருக்கிறார்கள். அதில் சிலர் அம்மாவின் கையால் சோறு தின்றவர்கள்.

தம்பி, நீ யார், எந்த ஒழுங்கை என்று எனக்குத் தெரியும். என்னைச் சமாதானப் புறா என்றது, துரோகி என்றது, இந்த வயதில் புத்தி கெட்டுவிட்டது என்றது எல்லாம் அங்கேயே கிடக்கட்டும், அழிக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் இன்று இரவுக்குள் எடுத்துவிடு. அம்மா இப்போது போன் பார்க்கப் பழகிவிட்டா.