மூடாத கூண்டும் மூணு கலர் பூனையும்

மே மாதம் மூன்றாவது வாரம். அடையிலிருந்து 11 குஞ்சு இறங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. மாலை ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. எப்போது வரும் என்று வாசலில் நின்று தெருவே பேசிக்கொண்டிருந்தது, நானும்தான். அப்போது பின்பக்கம் தாய்க்கோழியின் சத்தம். கோழி வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும்: மேலே பருந்து வட்டமடித்தால் ஒரே இழுப்பாகக் கத்தும்; தரையில் எதிரி வந்தால் விட்டுவிட்டுக் கொக்கரித்துக்கொண்டே இருக்கும். இது இரண்டாவது வகை. ஓடிப்போய் செல்போன் டார்ச் அடித்தேன். பஞ்சாரம், அதான் கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை, சாய்ந்து கிடந்தது. கோழி கழுத்து மயிரெல்லாம் சிலிர்த்து, இறக்கையை விரித்து மதிலைப் பார்த்து நின்றது. மதில்மேல் மூணு கலர் பூனை. வாயில் மஞ்சளாக ஒரு துணுக்கு. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கியது.

எண்ணிப் பார்த்தேன். எட்டுதான் இருந்தது. அப்படியென்றால் என் காதில் விழுந்தது அது மூன்றாவது தடவை வந்தபோதுதான்.

வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் 'தோட்டம்' என்று சொன்னால் சிரிப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் 12 அடிக்கு 8 அடி. அதிலேயே துவைக்கிற கல், ஒரு முருங்கை, தண்ணி டிரம்மு. மிச்ச இடம் கோழிக்கு. சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி ரகத்தில் நான்கு பெட்டை, ஒரு சேவல். இதற்கு மேல் ஆசைப்பட்டால் வீட்டுக்காரர் கத்துவார்.

மறுநாள் காலை ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், "நெத்திலில எலி மருந்தத் தடவி வெச்சுரு, ரெண்டு நாள்ல கத முடிஞ்சிரும்" என்றார். இன்னொருவர், "கோணில கட்டினு போயி காசிமேட்டுல உட்டுட்டு வா" என்றார். அலுவலகத்தில் ஒரு தோழி, "சிட்டிக்குள்ள கோழி வளர்க்கறதே தப்பு, பாவம் பூனை" என்றாள். அவள் மதியம் சாப்பிட்டது சிக்கன் பிரியாணி என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இந்த மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

விஷம் வைப்பது கொடுமை. அதற்கு மேல் முட்டாள்தனமும்கூட. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில், விலங்கை விஷம் வைத்துக் கொல்வதற்கு ஐந்து வருஷம் வரை சிறை இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நெத்திலியைப் பூனை மட்டுமா தின்னும்? காக்கா தூக்கிக்கொண்டு போய் யார் வீட்டு மாடியில் போடும் என்று யாருக்குத் தெரியும்? மருந்து தின்று செத்த சுண்டெலி கிடைத்தால் என் கோழியே கொத்தித் தின்னும். கோழியைக் காப்பாற்றப் போய் கோழிக்கே வினை.

கோணிப்பை வைத்தியம் எங்கள் ஏரியாவில் பரம்பரை வைத்தியம். என் தாத்தாவும் செய்திருக்கிறார். பூனை வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் அந்த மதிலுக்கு வேறொரு பூனை வந்து உட்காரும். தீனி இருக்கிற இடம் காலியாக இருக்காது.

அப்புறம் எதிர்வீட்டு ஆயா. காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருத்தெருவாக விற்றவர். இப்போது வயதாகிவிட்டதால் தெருமுனையில் மட்டும் கூடை வைக்கிறார். மீன் தலை, குடல் எல்லாம் ஒரு அலுமினியத் தட்டில் பூனைகளுக்குப் போகும். ஆறேழு பூனை ஆயாவை நம்பித்தான் இருக்கிறது. கோபத்தில் நான் போய் நின்று, "ஆயா, உன் பூனை என் மூணு குஞ்சைத் தின்னுடுச்சு" என்றேன். "வாயில்லா ஜீவன்மா அது" என்றார். "என் கோழி மட்டும் இன்னா வாய் பேசுதா?" என்றேன். ஆயா யோசித்துவிட்டு, "தட்டுல போட ஒண்ணும் இல்லியே, நான் இன்னா பண்ணுவேன்" என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், பைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய் வரும். ஆயாவின் கூடையில் பாதிகூட நிறையாது, தட்டில் சுத்தமாக எதுவும் இருக்காது. அந்த நேரம் பார்த்து நான் ஏப்ரல் பிற்பாதியில் அடை வைத்திருக்கிறேன். குஞ்சு பொரிக்க 21 நாள் என்று கணக்குப் போட்டால் ஊரில் உள்ள பூனையெல்லாம் வயிறு காய்ந்து திரியும்போது, வாய்க்கு அடக்கமாக 11 குஞ்சை நானே இறக்கிவிட்டிருக்கிறேன். முந்தின வருஷம் போன குஞ்சுகளும் மே மாதத்தில்தான் போயின என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இப்போது தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய பிறகுதான் அடை வைக்கிறேன். வெயிலில் முட்டை கூழாகிற தொல்லையும் குறைகிறது.

இன்னொரு விஷயம், எல்லாக் கொலையும் பூனை செய்வதல்ல. பூனை குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும், ஒன்றிரண்டு இறகு கிடந்தால் அதிகம். வளர்ந்த கோழியிடம் பெரும்பாலும் வம்புக்குப் போகாது, அதிலும் குஞ்சோடு இருக்கிற கோழி கண்ணைக் கொத்திவிடும். கூண்டுக்குள்ளேயே இரண்டு மூன்று கோழி கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால் கீரியைச் சந்தேகப்படுங்கள். கூண்டோரம் மண் தோண்டிய வளை இருந்தால் பெருச்சாளி. கால்வாயும் திறந்த சாக்கடையும் இருக்கிற நம் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? பெரிய பெருச்சாளியைப் பார்த்தால் பூனையே ஒதுங்கிப் போகும். பட்டப்பகலில் காணாமல் போனால் காக்கா, பருந்து. இது எதையும் பார்க்காமல், குஞ்சு குறைந்தால் பூனை என்று முடிவு கட்டுவது நம் வழக்கம்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். பஞ்சாரம் பகலில் கண்ணெதிரே கவிழ்த்து வைக்கிற சாமான். அதை நம்பி இருட்டில் விட்டது நான். அதற்கு முன்னால் ஒரு கூண்டும் வைத்திருந்தேன், கடையில் கோழி வலை என்று விற்பார்களே, அறுகோணக் கண் வலை, அதில் செய்தது. அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஒரு ராத்திரி பூனை அதில் கை விட்டு, ஓரமாகத் தூங்கிய குஞ்சின் காலைப் பிடித்து இழுத்திருக்கிறது. குஞ்சு வலைக்கு உள்ளேயே இருந்தது, கால் மட்டும் வெளியே. அதை நான் விவரிக்க விரும்பவில்லை.

இந்தத் தடவை மண்ணடி போய் அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, வாங்கினேன். கம்பி கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், கையால் வளைத்தால் வளையக் கூடாது. அரை இஞ்சில் பூனையின் கை நுழையாது. கீழே ஒரு அடி உயரத்துக்குப் பலகை அடித்தேன். குஞ்சுகள் ஓரத்தில்தான் ஒண்டிப் படுக்கும், வெளியே இருந்து பார்த்தாலும் தெரியக் கூடாது என்பதற்காக. தரையில் மெஷ்ஷை ஒரு அடி வெளியே மடக்கிவிட்டு, மேலே செங்கல் பரப்பினேன், அது பெருச்சாளிக்கு. கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. ஒற்றைத் தாழ்ப்பாள் போட்டால் பூனை கீழ் மூலையை நெம்பி இடைவெளி பண்ணிவிடும். பகலில் மேயும் இடத்துக்கு மேலே காசிமேட்டில் வாங்கிய பழைய நைலான் வலையைத் தொய்வாகக் கட்டியிருக்கிறேன். பருந்துக்கும் காக்காவுக்கும் அது போதும். பூனைக்குக் கால் அமுங்குகிற இடம் பிடிக்காது, மேலே ஏறத் தயங்குகிறது. இழுத்துக் கட்டினால் நன்றாக நடந்து வரும், அதையும் பார்த்துவிட்டேன். எல்லாம் சேர்த்து எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. மூன்று வருஷமாகச் செத்த குஞ்சுகளைக் கணக்குப் பார்த்தால் எப்போதோ கட்டியிருக்கலாம்.

இதைவிட முக்கியம் நேரம். பள்ளிவாசலில் மாலை பாங்கு சொல்வதற்குள் எண்ணி உள்ளே விட்டுத் தாழ் போட வேண்டும். பூனை வேட்டைக்கு இறங்குவது அந்தி மசங்கும்போதும் விடியும்போதும்தான். காலையிலும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே திறக்கிறேன்.

செய்து பார்த்துத் தோற்றவையும் உண்டு. சொட்டு நீலம் கலந்த தண்ணி பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன். அடுத்த நாள் பூனை அதன் நிழலில் படுத்திருந்தது. அந்துருண்டை போடச் சொன்னார்கள், கோழி கொத்தினால் அதற்கே விஷம், போடவில்லை. தண்ணீர் அடித்தால் நாலு நாள் பயப்படும்.

தாய் இல்லாத குஞ்சுதான் ரொம்பப் பாவம். சைக்கிளில் கூடை வைத்துப் பச்சை, ரோஸ் என்று கலர் குஞ்சு விற்கிறார்களே, பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளில் வேண்டாம் என்று கழித்த சேவல் குஞ்சுகள் அவை. பிள்ளை அழுகிறது என்று வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு, ராத்திரி பூனை தின்றதும் பூனையைத் திட்டுவதில் என்ன நியாயம்?

ஆனால் பூனைக்குச் சோறு வைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வைப்பது நல்ல மனசு, அதை நான் குறை சொல்லவில்லை. பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான், ஆறு மாதக் குட்டியே அடுத்த ஈத்துக்குத் தயாராகிவிடும். சோறு மட்டும் வைத்துவிட்டுக் கருத்தடைக்குக் கொண்டுபோகாமல் இருந்தால், பசித்த வயிறுகளைத்தான் பெருக்குகிறீர்கள். மூணு கலர் பூனை என்றாலே அநேகமாகப் பெட்டைதான். அதை நானும் ஆயாவும் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் அடைத்து ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். போகிற வழியெல்லாம் பூனை கத்தியது, ஆயா அதற்கு மேல் கத்தினார். கருத்தடை செய்ததால் அது வேட்டையை விட்டுவிடவில்லை, விடவும் செய்யாது. அடுத்த ஈத்து இல்லை, அவ்வளவுதான்.

மிச்சம் இருந்த எட்டும் வளர்ந்துவிட்டன. இப்போது பூனை தினமும் மாலை மதில்மேல் வந்து உட்கார்ந்து, நான் தாழ் போடுகிறேனா என்று பார்க்கிறது. இரண்டு தாழும் போட்டபிறகு எழுந்து ஆயா வீட்டுப் பக்கம் போகிறது.

கடைசியாக ஒரு உதவி. அரை இஞ்ச் மெஷ் நாலுக்கு ஆறு அடி அளவில் யாரிடமாவது மீதி இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஆயாவுக்கு இரண்டு பெட்டைக் குஞ்சு வேண்டுமாம். "பூன தூக்கினு போயிரும் ஆயா" என்றேன். "என் பூன என் கோழியத் தொடாது" என்கிறார்.