கல்லை எடுத்தவர் சரி, கையெழுத்துப் போட்டவர்?

சாயங்காலம் நாலரை மணி ஆனால் அம்மா அடுக்களை மாடத்தில் இருக்கும் டம்ளர், சம்படங்களை எல்லாம் இறக்கித் தரையில் வைத்துவிடுவார். குவாரியில் வெடி வைக்கும் நேரம் அது. பல வருஷப் பழக்கம். கடிகாரம் பார்க்காமலேயே கை போகிறது.

வெடித்ததும் வீடு ஒரு குலுக்கு குலுக்கும். வடக்குச் சுவரில் முடிபோல ஓடிய விரிசலில் இப்போது ஐந்து ரூபாய் நாணயம் நிற்கிறது. கொல்லையில் கத்தரிச் செடிகள் மாவு பூசினது மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக்கூடாது என்று தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. 1959-ல் போட்ட விதிகள் அவை. எங்கள் தெருக் கடைசி வீட்டிலிருந்து நானும் சித்தப்பா மகனும் டேப் பிடித்து அளந்தோம். 180 மீட்டர் தாண்டவில்லை.

மனு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது குவாரி ஆள் ஒருவர் வந்து நின்றார். கையில் என் மனுவின் ஜெராக்ஸ். "தம்பி, ஊருக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியதுக்கு எதுக்குப்பா காயிதம்?" என்றார். திட்டவில்லை, மிரட்டவில்லை. அந்தக் காகிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை.

அந்த ஜெராக்ஸ் ஒரு அரசு அலுவலகத்தின் உள்ளே இருந்துதான் வெளியே போயிருக்கிறது. எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் சட்டவிரோதக் குவாரிகளை எதிர்த்து ஜகபர் அலி இப்படித்தான் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தார். 2025 ஜனவரி 17 அன்று பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வண்டியில் திரும்பியவரை லாரி மோதிக் கொன்றது. முதலில் விபத்து என்றார்கள். குடும்பம் விடாமல் நின்ற பிறகுதான் கொலை வழக்கானது. குவாரித் தரப்பினர் கைதானார்கள். 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் ஜெகநாதன் என்ற விவசாயி, குவாரிக்கு எதிராகப் போராடியவர், குவாரி வண்டி ஏறி இறந்தார். அதுவும் கொலை வழக்கு. ஒரு மனு மேசை விட்டு மேசை போகும்போது யார் கண்ணில் படுகிறது, யார் போனில் அது படமாகப் போகிறது என்று இந்த வழக்குகளில் அடிவரை தோண்ட வேண்டாமா?

எல்லா அதிகாரிகளையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக முறப்பநாட்டில் விஏஓ லூர்து பிரான்சிஸை 2023 ஏப்ரலில் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வைத்து வெட்டிக் கொன்றார்கள். மதுரை கலெக்டராக இருந்த சகாயம், கிரானைட் கொள்ளையால் 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று 2012-லேயே அரசுக்கு எழுதினார். பிறகு உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்தபோது, குவாரியில் நரபலி கொடுத்தார்கள் என்ற புகாரில் எலும்புகளைத் தோண்டவிருந்த இடத்தை யாரும் கலைத்துவிடக் கூடாதென்று மேலூர் பக்கத்துச் சுடுகாட்டிலேயே படுத்துக் கிடந்தார். ஒரு ஐஏஎஸ் அதிகாரி தடயத்துக்குக் காவலாகச் சுடுகாட்டில் படுக்க வேண்டி வந்தது என்றால், பகலில் காவல் காக்க வேண்டியவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழி என்ன ஒரே ராத்திரியிலா விழுகிறது? குத்தகை கொடுக்கும் முன் விஏஓ அறிக்கை, சர்வேயர் அளவு, தாசில்தார், கோட்டாட்சியர் பரிந்துரை, கனிமவளத் துறை ஆய்வு. 2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். வெடிமருந்துக்குத் தனி உரிமம். கல் ஏற்றிப் போகும் ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு என்கிற அனுமதிச் சீட்டு. இத்தனை கையெழுத்தையும் தாண்டித்தான் இருநூறு அடி ஆழம் போயிருக்கிறது. பக்கச் சுவரைப் படிப்படியாக வெட்ட வேண்டும் என்பது சுரங்கப் பாதுகாப்பின் அரிச்சுவடி. எங்கள் ஊர்க் குழி கிணறு மாதிரி நெட்டுக்குத்தாக இறங்குகிறது. திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே மாதம் ராத்திரி வேலை நடக்கும்போது பாறை சரிந்து 4 தொழிலாளர்கள் செத்த பிறகுதான் அந்த மாவட்டக் குவாரிகளை வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் விதிமீறல் இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வு அறிக்கைகளில் என்ன எழுதியிருந்தார்கள்? அதை எழுதியவர் யார்?

அபராதம் என்று கோடிக்கணக்கில் தலைப்புச் செய்தி வரும். அப்புறம் மேல்முறையீடு, தடை உத்தரவு, தவணை. கட்டினாலும் அது ஜல்லி விலையில் ஏறிவிடும். அதிகாரி பக்கம் திரும்பினால், 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்த்த 17ஏ பிரிவு நிற்கிறது. அலுவல் சார்ந்து எடுத்த முடிவைப் பற்றி விசாரணை தொடங்கவே அரசின் முன் அனுமதி வேண்டும். அதிகபட்சம் இடமாற்றம். மலைக்கு இடமாற்றம் கிடையாது.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. ட்ரோன் வைத்துக் குழியின் கன அளவை எடுங்கள். கொடுத்த நடைச்சீட்டின் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் எந்தெந்த ஆண்டு விழுந்ததோ, அந்த ஆண்டுகளில் அந்த நாற்காலியில் இருந்தவர்களின் பெயரையும் அபராத உத்தரவிலேயே சேருங்கள். இழப்பில் ஒரு பங்கை அவர்களிடமும் வசூலியுங்கள். மனுதாரர் பெயர் வெளியே போனால், போன மேசைக்காரர் மேல் வழக்குப் போடுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கிறேன். எங்கள் ஊர்க் குவாரிக்குக் கடந்த பத்து வருஷத்தில் ஆய்வுக்கு வந்தவர்களின் பெயர், பதவி, வந்த தேதி, எழுதிய குறிப்பின் நகல். இந்த முறை நான் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் 23 பேர் தனித்தனியாகப் போட்டிருக்கிறோம். அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதில் சொல்ல 30 நாள். இன்றோடு 11 ஆகிறது.