ஒரு கோ-டூவுக்காக இவ்வளவு சிரிப்பா?

ஒரு பையன் எழுதிய கோடைப் படமெடுத்து நம் குழுவில் போட்டுச் சிரித்தீர்களே, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலையில் மறுபடி அதே படம், கீழே இன்னும் சிரிப்பு எமோஜிகள். கோ-டூ என்பது நிரலை நேராக வேறொரு வரிக்குத் தாவச் செய்யும் கட்டளை. சி மொழியில் எழுதிய டிரைவரில், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் நிரலில், அந்தப் பையன் அதைப் போட்டது அப்படி என்ன பாவம்?

சிரித்தவர்களில் எத்தனை பேர் அதை முழுசாகப் படித்தீர்கள்? மெமரி வாங்குகிறான், லாக் எடுக்கிறான். நடுவில் ஏதாவது தவறினால் ஃபங்ஷனின் கடைசிக்குத் தாவி, எடுத்ததையெல்லாம் தலைகீழ் வரிசையில் விடுவிக்கிறான். எடுத்ததைத் தானாக விடுவிக்கும் டிஸ்ட்ரக்டரும் சி-யில் கிடையாது, எது தவறினாலும் கடைசியில் ஓடும் ஃபைனலியும் கிடையாது. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு எப்படிக் கோட் எழுத வேண்டும் என்று சொல்லும் கோடிங் ஸ்டைல் ஆவணமே இப்படிப்பட்ட இடத்துக்கு இதே வழியைத்தான் சொல்கிறது.

கண்டபடி தாவாமல் ஒழுங்கான கட்டங்களாக நிரல் எழுதச் சொல்லும் ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங் ஒரு கட்டளையைத் தீண்டத்தகாததாக ஆக்க வந்தது அல்ல. வரிவரியாகப் படித்து வருகிறவருக்கு, நிரல் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1968-ல் கோ-டூவைப் பற்றி ஓர் இதழுக்கு எழுதிய கடிதத்தின் கவலை அதுதான். 'தீங்கானது' என்ற தலைப்புகூட அவர் வைத்ததில்லை, இதழாசிரியராக இருந்த விர்த் வைத்தது. பலர் அந்தத் தலைப்போடு நின்றுவிட்டார்கள்.

வரிசை, இஃப், லூப் இந்த மூன்றே போதும் என்று போம், ஜாகோபினி என்ற இரு ஆய்வாளர்கள் 1966-ல் நிறுவியது உண்மை. ஆனால் அதற்குச் சில இடங்களில் கூடுதல் மாறிகள் தேவைப்படும். நான் முதலில் வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு ஃபங்ஷனிலிருந்து வெளியேற ஒரே ரிட்டர்ன்தான் என்று கண்டிப்பான விதி. அதைக் காப்பாற்ற, நிலையைக் குறித்துவைக்கும் மாறிகளாக ஃபிளாக் மேல் ஃபிளாக், இஃப்புக்குள் இஃப். எந்த ஃபிளாக் எங்கே மாறுகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. அதைத்தான் எல்லோரும் ஒழுங்கான கோட் என்றார்கள்.

உடனே 2014-ல் ஆப்பிளின் இணையப் பாதுகாப்புக் கோடில் வந்த 'கோ-டூ ஃபெயில்' பிழையைக் காட்டுவீர்கள். அங்கே ஒரே வரி இரண்டு முறை விழுந்திருந்தது, இஃப்புக்கு அடைப்புக்குறி இல்லை. அந்த இடத்தில் ரிட்டர்ன் இருமுறை விழுந்திருந்தாலும் சர்வரின் டிஜிட்டல் கையொப்பச் சரிபார்ப்பு அப்படியேதான் நழுவியிருக்கும். லூப்புக்குப் பதிலாக மேலே தாவினால் நானே திருப்பி அனுப்புவேன், அதில் சந்தேகமே இல்லை. இவன் அதைச் செய்யவில்லையே!

இதையே பெரிய கம்பெனி சீனியர் ஒருவர் எழுதியிருந்தால் 'அனுபவம்' என்றிருப்பீர்கள். இவன் பாலிடெக்னிக் முடித்து வந்தவன், ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தடுமாறுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு வலிப்பது அதுதான். இனி கோடை மற்றவர்கள் பார்க்க ரிவ்யூவுக்கு அனுப்பவே வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறான். அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை ஏன் இப்படி எழுதினாய் என்று அவனிடமே கேளுங்கள், குழுவில் போடாதீர்கள்.