சூலூர் விமானம் எங்கே விழுந்தது என்று தெரியாதா?

"2016-இல் சூலூரில் கிளம்பிய விமானப்படை விமானம் எங்கே விழுந்தது என்றே இன்றுவரை தெரியாது" என்று பல்லடம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தப்புங்க. அந்த ஏஎன்-32 ரகப் போக்குவரத்து விமானம் சூலூர் படைப்பிரிவுடையதுதான், ஆனால் ஜூலை 22 காலை 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பியது தாம்பரத்தில் இருந்து. அப்புறம், சென்னைக் கரையில் இருந்து சுமார் 310 கி.மீ. தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில், தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி உடைந்த பாகங்களைப் படம் எடுத்திருக்கிறது என்று 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகமே அறிவித்துவிட்டது. அதுதான் என்று எப்படிச் சொன்னார்கள்? பாகங்கள் ஏஎன்-32 உடையவை போலவே இருந்தன, அந்த இடத்தில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவும் இல்லை. பையனைப் பறிகொடுத்த வீட்டுக்கு, ஏழரை வருஷம் கழித்து வந்த பதில் இது.