கடலைப் பார்க்கத்தானே காசு கட்டினோம்?

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஏப்ரலில் அம்மாவை அழைத்துக்கொண்டு மயாமியிலிருந்து பார்சிலோனாவுக்கு 13 இரவுக் கப்பல் பயணம் போனேன். குளிர்காலம் முழுக்கக் கரீபியனில் ஓடும் கப்பல்களைக் கோடைக்கு முன்னால் மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும் அந்தப் பயணத்தில் ஏழெட்டு நாள் தொடர்ந்து கடல் மட்டும்தான். போரடிக்கும் என்று பலர் தவிர்ப்பார்கள். எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் தேய்மானம். ஊர் ஊராக இறங்கிச் சுற்ற முடியாது. "ஒரு இடத்துல உக்காந்து கடலையே பாத்துக்கிட்டு இருக்கணும்" என்பது அவருடைய பல வருட ஆசை. அதற்காக இரண்டு வருடம் சேர்த்த பணம் இது.

முதல் கடல்நாள், காலை ஏழரை மணி. அம்மாவைக் கைத்தாங்கலாக மேல்தளத்துக்குக் கூட்டிப்போனேன். ஆட்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஆனால் சாய்வு நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை! கடலைப் பார்த்த முதல் வரிசை முழுக்கத் துண்டு. காற்றில் பறக்காமலிருக்க பிளாஸ்டிக் கிளிப் வேறு. எங்களுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் ஒரு நீலத் துண்டு, ஒற்றைச் செருப்பு, கவிழ்த்து வைத்த ஒரு தடித்த புத்தகம். பக்கத்திலேயே அறிவிப்புப் பலகை: 40 நிமிடத்துக்கு மேல் ஆள் இல்லாத நாற்காலியிலிருந்து பொருட்கள் அகற்றப்படும்.

சரி, அகற்றுவார்கள் என்று நின்றோம். 40 நிமிடம் போனது. ஒரு மணி நேரம் போனது. அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கடைசியில் உள்ளே பஃபே மேசை ஒன்றில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். நீலத் துண்டுக்காரர் 11.10க்கு வந்தார். பத்து நிமிடம் படுத்தார். துண்டை மறுபடி நீவிவிட்டு, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இது ஒரு நாள் கதை இல்லை. ஒவ்வொரு கடல்நாளும் இதேதான்.

துண்டு மடித்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன். "எடுத்தால் எங்கள் மேல் புகார் போகும் சார்" என்றான். அவன் மேல் எனக்குத் துளிகூடக் கோபமில்லை. கடல்சார் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கையே ஒரு நாளைக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்றுதான் சொல்கிறது. அதாவது 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடமிருக்கிறது. மாதக்கணக்கில் வார விடுமுறை இல்லாமல் உழைக்கிற பையன், காசு கட்டிய பயணியோடு சண்டை போட வேண்டுமா? போட்ட விதியை நடத்திக்காட்ட வேண்டியது நிர்வாகம். அந்த விதியை நடத்திக்காட்ட அவர்களுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

பால்கனி கேபின் எடுத்திருக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். இதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. மேல்தளம் எல்லோருக்கும் பொது என்று படம் போட்டு விற்றது யார்?

அப்புறம் அந்த ஒலிபெருக்கி. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சுங்க விதிகளாலும் உள்ளூர்ச் சூதாட்டச் சட்டங்களாலும் உள்ளே இருக்கும் கடைகளையும் சூதாட்டக்கூடத்தையும் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். கரையை விட்டு விலகிய பிறகுதான் திறப்பு. ஆக, நமக்கு ஓய்வு நாளாகத் தோன்றும் கடல்நாள் அவர்களுக்குச் சந்தை நாள். காலை 10 மணிக்கு டிங் டாங், கைக்கடிகாரத் தள்ளுபடி. 11க்கு பிங்கோ சீட்டு. மதியம் ஓவிய ஏலம், வருகிறவர்களுக்கு ஷாம்பெயின் இலவசம். மாலையில் வயிற்று உப்புசத்துக்கு 'இலவச' ஆலோசனை. கேட்டு முடித்ததும் கையில் பாசித்தூள் டப்பாவும் பில்லும். இடையில் நீச்சல்குளத்தைச் சுற்றி டமடமவென்று இசை. நடுக்கடலில், நாலு பக்கமும் நூற்றுக்கணக்கான மைலுக்கு ஒரு சத்தமும் இல்லாத இடத்தில், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எழுநூறு மைலுக்கு அந்தப் பக்கம் கரை இருக்கிற இடத்தில் எனக்கு எதற்கு ஐயா கைக்கடிகாரத் தள்ளுபடி?

கடிகாரத்தைக்கூட விடவில்லை கடல். கிழக்கு நோக்கிப் போவதால் மொத்தம் ஆறு மணி நேரம் இழக்க வேண்டும். ஆறு இரவுகளில் 2 மணி 3 மணியாகிவிடும். அது பூமி சுற்றுவதன் கணக்கு, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையையும் தூக்கத்தையும் நாளுக்கு நாள் நகர்த்திக்கொண்டிருந்த எங்களுக்கு, பகலில் சாய்ந்து கண் மூட ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் அட்லாண்டிக் நடுவிலுள்ள அசோர்ஸ் தீவுகளின் போன்டா டெல்காடா துறைமுகத்தில் நிற்க வேண்டும். அலை பெரிதாக இருந்ததால் கேப்டன் உள்ளே போகவில்லை. சரியான முடிவு. உயிரை விடத் துறைமுகம் பெரிதில்லை. பயண ஒப்பந்தத்திலேயே நிறுத்தத்தை மாற்றவும் ரத்து செய்யவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. துறைமுகக் கட்டணம் மட்டும் கணக்கில் திரும்ப வந்தது. ஆனால் ரத்து அறிவிப்பு வந்த அன்று மதியமே இன்னொரு டிங் டாங்: கூடுதல் கடல்நாளை முன்னிட்டு கடைகளில் சிறப்பு விற்பனை! இதைக் கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. தொடர்ந்து பத்து நாள் கரையில்லாமல் போனது எங்களுக்கு. கல்லா நிரம்பியது அவர்களுக்கு. வாங்குகிற ஒவ்வொரு காபிக்கும் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. அதற்கு மேல் தினப்படி டிப்ஸ் தானாகவே பில்லில் ஏறிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் ஐந்தரை மணிக்கெல்லாம் அம்மா என்னை எழுப்பினார். "இப்பவாவது போகலாம் வா." கீழ்த்தளத்தில் படகுகள் தொங்கும் நடைபாதைக்குப் போனோம். அங்கே ஒலிபெருக்கி கிடையாது. மரப் பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது. இருட்டு மெல்லக் கரைந்து, தண்ணீர் கறுப்பிலிருந்து ஈயச் சாம்பலாகி, அப்புறம் ஓரத்தில் லேசாக ஒரு பச்சை. கப்பல் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் மட்டும். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் மணி நேரம். பத்து நாளில் நாங்கள் கேட்டு வந்தது கிடைத்தது அந்த முக்கால் மணி நேரம்தான். அப்புறம் தண்ணீர்க் குழாயோடு தளம் கழுவ வந்தார்கள், எழுந்துகொண்டோம்.

இறங்கும் முன்பு கருத்துக் கேட்புப் படிவம் வந்தது. கடைகள் எப்படி, ஸ்பா எப்படி, சூதாட்டக்கூடம் எப்படி, அடுத்த பயணத்தை இப்போதே முன்பதிவு செய்கிறீர்களா என்று இரண்டு பக்கம். உட்கார இடம் கிடைத்ததா, அமைதி கிடைத்ததா, கடலைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: "71 வயது அம்மா பத்து நாள் நின்றுகொண்டே கடலைப் பார்த்தார். உங்கள் 40 நிமிட விதியை நடத்துங்கள்." இன்றுவரை பதில் இல்லை.