ஒட்டுவது வேறு, இழுப்பது வேறு

சேலத்து மாந்தோப்பில் தொங்கும் பழ ஈப் பொறிக்குள் இருப்பது மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள். ஆண் ஈ ஏன் அதைத் தேடி அடித்துப் பிடித்து வருகிறது என்று கேட்டால், "உணர்கொம்பில் வாசனையைச் சுமக்கும் புரதம் இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி.

உணர்கொம்பின் மயிரிழைகளில் நுண்துளைகள் உண்டு. உள்ளே நீர், வந்து சேர்வதோ எண்ணெய்ப்பசை மூலக்கூறு. இரண்டும் ஒட்டாது. நடுவில் நிற்பதுதான் அந்த வாசனை சுமக்கும் புரதம், சுருக்கமாக ஓபிபி. 1981இல் பாலிஃபீமஸ் என்ற பட்டு அந்துப்பூச்சியில் வோக்ட், ரிடிஃபோர்ட் இருவரும் கண்டது. 120 முதல் 150 வரை அமினோ அமிலம், அவற்றில் கந்தகப் பாலம் கட்டும் சிஸ்டீன் ஆறு, நடுவில் எண்ணெய்க்கு இடம் கொடுக்கும் ஒரு குழி. மல்பெரிப் பட்டுப்பூச்சியில் வேடிக்கை இன்னும் நுணுக்கம்: நரம்புச் சவ்வருகே அமிலத்தன்மை ஏறியதும், புரதத்தின் வால் மடிந்து குழிக்குள் புகுந்து வாசனையை வெளியே தள்ளிவிடும்.

ஆனால் 2016இல் டிரோசோபிலா என்ற ஆய்வகச் சிற்றீயில், ஓபிபி28ஏ என்ற ஒருவகை ஓபிபியை எடுத்துப் பார்த்தார்கள். வாசனை உணர்வு குறையவில்லை, கூடியது! மூட்டை தூக்கியாக மட்டும் அதைப் பார்த்தால் இது புரியாது. திடீரென்று ஏறும் வாசனையைத் தாங்கும் மெத்தையாகவும் வேலை செய்கிறது. இன்னொரு வகையான ஓபிபி49ஏ நாக்கு வேலைக்காரன்: கசப்பு கலந்திருந்தால் இனிப்பின் ஈர்ப்பைக் குறைக்கும்.

இனி நம் கவலை. புரதத்தைப் பாக்டீரியாவில் வளர்த்து, 1-என்பிஎன் என்ற ஒளிரும் சாயத்தைக் குழியில் நிரப்பி, வாசனைப் பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். சாயம் வெளியேறி ஒளிர்வு இறங்கினால் "ஒட்டியது" என்று ஆய்வுத்தாள் எழுதிவிடலாம். கந்தகப் பாலங்கள் தப்பாகக் கட்டியிருந்தால்? பாக்டீரியாவின் கொழுப்பு ஏற்கெனவே குழியில் குந்தியிருந்தால்? கரையும் அளவுக்கு மேல் ஊற்றினால் பொருள் திரண்டு சாயத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். எண் வரும், உண்மை வராது.

அதனால்தான் பழ ஈயில் ஆர்என்ஏ குறுக்கீடு என்ற மரபணு அடக்கும் முறையால் ஓபிபி2-ஐ அடக்கியபோது, ஆண் ஈ மெத்தில் யூஜினாலை நாடுவது குறைந்ததே எனக்குப் பெரிய சான்று. அதோடு வாசனையை நரம்பில் வாங்கிக்கொள்ளும் ஓஆர்88ஏ ஏற்பியும் வேண்டும்.

வரும் ஈ எல்லாம் ஆண்தான்; காயில் முட்டையிடும் பெண் வராது. எனவே விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதைக்காமல் பொறியை மட்டும் நம்புவது வீண். பொறிக்குள் வைக்கும் பலகைத் துண்டு ஊறுவதற்கு எத்தில் ஆல்கஹால், மெத்தில் யூஜினால், மாலத்தியான் பூச்சிக்கொல்லி 6:4:1. ஏற்காட்டுக் காப்பியின் தண்டுத் துளைப்பானுக்கு இது பயன்படாது. அங்கே ஆண் வண்டு பெண்ணை அழைக்கும் வாசனை வேறு.

ஆய்வகத்தில் ஒட்டியதென்று புதுக் கவர்ச்சிப் பொருள் யாராவது விற்க வந்தால், மருந்தில்லாத வெறும் பொறியையும் பக்கத்தில் கட்டி, வாரம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றி, விழுந்ததை எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.