அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் நமக்குப் புரியுமா?

அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று மாதமாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 18 வாக்கியங்கள். இடப்பக்கம் தமிழ். வலப்பக்கம் அந்தப் பிள்ளையின் மொழி, அதையும் தமிழ் எழுத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். பசிக்கிறதா? தூக்கம் வருகிறதா? எங்கே வலிக்கிறது? பயமாக இருக்கிறதா? விளக்கை அணைக்கவா, எரியட்டுமா? தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அத்தான் கதவைத் திறக்காமல் அங்கேயே நின்று ஒன்றை முணுமுணுத்துவிட்டு வருவார். எதற்குப் போனோம் என்பதை மறந்து வெறுங்கையோடு திரும்பியதும் உண்டு.

விஷயம் இதுதான். அக்காவும் அத்தானும் வேறொரு நாட்டிலிருந்து எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்கப் போகிறார்கள். எந்த நாடு, பெயர் என்ன என்றெல்லாம் கமென்ட்டில் கேட்காதீர்கள். நீதிமன்ற உத்தரவு இன்னும் வரவில்லை. வந்தபிறகும் சொல்வதாக இல்லை, படமும் போட மாட்டேன். அவள் கதையைச் சொல்வதா வேண்டாமா என்று அவள் வளர்ந்து முடிவெடுக்கட்டும். நான் எழுத வந்தது பெரியவர்களாகிய எங்களைப் பற்றி.

போன மாதம் ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது ஆன்லைனில் மொழி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுப்பவர் அந்த நாட்டைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எல்லோருக்குமே அவர் டீச்சர்தான். அக்கா 18 வாக்கியங்களையும் தாளைப் பார்க்காமல் ஒப்பித்தாள். டீச்சர் பொறுமையாகக் கேட்டார், உச்சரிப்பு தேவலை என்றார். அப்புறம் கேட்டார்: “எல்லாமே நீங்கள் கேட்கிற கேள்வி. அவள் சொல்லப்போவது இதில் எங்கே இருக்கிறது?”

அக்காவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

“‘வேண்டாம்’ என்று அவள் சொன்னால் உங்களுக்குப் புரியுமா? ‘என்னைத் தொடாதீங்க’ என்று சொன்னால்? ‘நான் எப்போ திரும்பிப் போவேன்’ என்று கேட்டால்?”

அத்தான் எழுந்துபோய்ப் பேனா எடுத்துவந்தார்.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு. அவள் அறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, கட்டில் வந்தாயிற்று, பள்ளியில் பேசியாயிற்று. சொந்தக்காரர்கள் போன் போட்டு விசாரிப்பதும் இதையெல்லாம்தான். “மொழி எந்த அளவுக்கு வந்திருக்கிறது?” என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், வளர்ந்த குழந்தையை வேறு நாட்டிலிருந்து கூட்டிவரும் குடும்பத்துக்குப் பெரிய வேலை அதுதான். மற்றதெல்லாம் அவள் வந்த பிறகும் செய்துகொள்ளலாம்.

“சின்னப் பிள்ளைதானே, ஆறு மாதத்தில் நம் பேச்சைப் பிடித்துக்கொள்வாள், நீங்கள் எதற்கு அவள் பேச்சைப் படிக்கிறீர்கள்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். பிடித்துக்கொள்வாள், சந்தேகமே இல்லை. என் பயமும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. புதிய மொழி வருகிற வேகத்துக்குச் சற்றும் குறையாமல் பழையது கழன்று போகும். 2003இல் பிரான்சில் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் கொரியாவிலிருந்து பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போய், இப்போது பெரியவர்களாகிவிட்ட எட்டுப் பேரை உட்காரவைத்துப் பல மொழி வாக்கியங்களைப் போட்டுக் காட்டினார்கள். இதில் எது கொரிய மொழி என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாழ்நாளில் கொரிய மொழியே கேட்டிராத பிரெஞ்சுக்காரர்கள் எப்படித் தடுமாறினார்களோ அப்படியே இவர்களும் தடுமாறினார்கள். மூளையைப் படமெடுத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. எட்டு வயதில் ஒரு பிள்ளை எவ்வளவு பேசும் என்று நினைத்துப் பாருங்கள். சண்டை போடும், கதை கட்டும், கணக்குச் சொல்லும், கெட்ட வார்த்தைகூடத் தெரிந்திருக்கும். அவ்வளவும் போய்விடலாம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2014இல் கனடாவில் இன்னோர் ஆய்வு. கைக்குழந்தையாகச் சீனாவிலிருந்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகள், சீன மொழியின் ஏற்ற இறக்க ஒலிகளைக் கேட்டபோது, அவர்கள் மூளை சீன மொழி பேசுகிறவர்களின் மூளையைப் போலவே வேலை செய்தது. அந்தச் சிறுமிகளுக்குச் சீன மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாது. நெதர்லாந்துக்குத் தத்துப்போன கொரியர்கள், கொரிய ஒலிகளைத் திரும்பப் பயிலும்போது மற்ற டச்சுக்காரர்களைவிட வேகமாகப் பிடித்தார்கள் என்று 2017இல் இன்னொன்று வந்தது. ஆக, வீடு இடிந்தாலும் அஸ்திவாரம் மண்ணுக்கடியில் எங்கோ கிடக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை அஸ்திவாரத்தில் குடியிருக்க முடியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது நடுவில் வரும் மாதங்கள். பழைய மொழி நழுவத் தொடங்கியிருக்கும், புதியது கைக்கு வந்திருக்காது. ‘தண்ணி’, ‘பால்’, ‘வா’, ‘போ’ என்று சொல்லத் தெரிந்திருக்கும். ‘நேற்று ராத்திரி கனவில் என் தம்பி வந்தான்’ என்பதைச் சொல்ல எந்த மொழியிலும் வார்த்தை இருக்காது. சொல்ல முடியாதது எப்படி வெளியே வரும்? தட்டு பறக்கும், கதவு அறையும், ராத்திரி இரண்டு மணிக்கு அழுகை வரும். நாம் அதற்கு உடனே ஒரு பெயர் வைத்துவிடுவோம், ‘பிடிவாதம்’ என்று.

இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதல் சில வாரம் பிள்ளை தங்கமாக இருக்கும், அதற்கு ‘தேன்நிலவுக் காலம்’ என்றே பெயர். விருந்தாளி வீட்டில் நாம் எப்படி இருப்போமோ அப்படி. இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று தெரியத் தொடங்கியதும் புயல் ஆரம்பிக்கும். எதுவரை போனால் இவர்கள் என்னைத் திருப்பி அனுப்புவார்கள் என்று பார்க்கும். தலையணைக்கு அடியில் சாப்பாட்டை ஒளித்துவைக்கும். அதைத் திருட்டு என்று நினைக்காதீர்கள். அடுத்த வேளைக்குக் கிடைக்குமா என்று தெரியாமல் வளர்ந்த பழக்கம் அது. அந்தப் பயிற்சி அம்மா சொன்ன யோசனை எனக்குப் பிடித்தது: ஒளித்ததைத் தேடி எடுக்காதீர்கள், கட்டில் பக்கத்தில் ஒரு டப்பா வையுங்கள், அது காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய கோப்பில் ஒரு வரி இருந்தது: ‘அமைதியான குழந்தை.’ அக்கா அதைப் படித்து நிம்மதியானாள். நானும்தான். டீச்சரிடம் மூலத்தைக் காட்டியபோது அவர் கொஞ்சம் தயங்கினார். அந்தச் சொல்லுக்கு அமைதி என்றும் பொருளாம், எதையும் கேட்காமல் இருப்பவள் என்றும் பொருளாம். இரண்டும் ஒன்றா? கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், கேட்பதையே விட்டுவிட்ட பிள்ளையும் பார்வைக்கு அமைதியாகத்தான் இருக்கும். மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சொல், அதை நம்பி நாங்கள் இரண்டு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

சரி, சொந்தபந்தம் பக்கம் வருகிறேன். “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, எட்டு வயசுப் பிள்ளை ஒட்டுமா?” என்கிறார்கள். வளைப்பதற்கு அவள் என்ன முருங்கைக் கிளையா? ஒட்டுவது அவள் ஒருத்தியின் வேலையும் அல்ல. இன்னொரு கூட்டம், “பெரிய புண்ணியம்” என்கிறது. இது அதைவிட ஆபத்து. புண்ணியம் என்று தொடங்கினால் பதிலுக்கு நன்றியை எதிர்பார்ப்போம். அந்த நன்றி வராத அன்று ‘எவ்வளவு செய்தோம்’ என்ற பேச்சு வரும். அவளாக விண்ணப்பம் போட்டு இந்த வீட்டுக்கு வரவில்லை.

மூன்றாவது ஒரு கேள்வி உண்டு. “அந்த நாட்டிலேயே அவளை வளர்க்க ஆள் இல்லையா?” இதைக் கேட்டவர் கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டார், ஆனால் கேள்வி நியாயமானது. நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம், 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, முதலில் கேட்பதும் அதைத்தான்: சொந்த நாட்டில் குடும்பம் கிடைக்குமா என்று முறையாகப் பார்த்த பிறகே வெளிநாடு. அதை ஏற்ற நாடுகள் நூற்றுக்கு மேல். ஆனாலும் காகிதத்தில் இருப்பதெல்லாம் நடந்ததா என்றால், இல்லை. 1950களிலிருந்து தென் கொரியாவிலிருந்து ஏறத்தாழ 2,00,000 குழந்தைகள் வெளிநாடு போனார்கள். பெற்றோர் உயிரோடு இருந்த பிள்ளைகளை அநாதை என்று பதிந்தது, ஒரு பிள்ளையின் அடையாளத்தில் இன்னொரு பிள்ளையை அனுப்பியது என்பதெல்லாம் நடந்ததாக 2025 மார்ச்சில் அந்த நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே சொன்னது. எத்தியோப்பியா 2018இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தடை செய்தது. 1,60,000க்கு மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிய சீனா, உறவினர் தத்தெடுப்பைத் தவிர மற்றதை 2024இல் நிறுத்திவிட்டது.

இதைப் படித்த பிறகு அக்கா ஏஜென்சிக்கு ஒரு நீண்ட மெயில் போட்டாள். அம்மா இருக்கிறாரா? கையெழுத்துப் போட்டது யார், படித்துப் பார்த்துத்தான் போட்டாரா? உடன்பிறந்தவர்கள் உண்டா? உள்நாட்டில் எத்தனை குடும்பத்தைக் கேட்டீர்கள்? பதில் வர 11 வாரம். இடையில் ஒருவர் போன் போட்டு, “இவ்வளவு கேட்கிற பெற்றோரை நாங்கள் பார்த்ததில்லை” என்றார். பாராட்டுகிறார் என்றே அத்தான் நினைத்துக்கொண்டார், பாவம். கடைசியில் பதில்கள் வந்தன. ஒரு தம்பி இருக்கிறான், அவனை அங்கேயே உறவினர் ஒருவர் வளர்க்கிறார், அவரால் இருவரை வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த முகவரி இப்போது அக்காவிடம் இருக்கிறது. தம்பியோடு இவள் பேச வேண்டுமென்றால் எந்த மொழியில் பேசுவாள்? நம் மொழியிலா?

அதே உடன்படிக்கை இன்னொன்றும் சொல்கிறது. வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப, குழந்தையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். எட்டு வயதில் ‘சரி’ என்று சொல்வதற்கு என்ன எடை என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். தான் வாழும் இல்லத்தில், தனக்குச் சோறு போடுகிறவர் முன்னால், ‘போகிறாயா?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளை ‘மாட்டேன்’ என்று சொல்லும்? அதனால் அந்த ஒரு தடவை ‘சரி’ போதாது. வந்த பிறகும் பல தடவை, ஒன்றொன்றாக, ‘இல்லை’ என்று சொல்ல அவளுக்கு இடம் வேண்டும். அந்த ‘இல்லை’ எங்கள் காதில் ‘இல்லை’ என்றே விழ வேண்டும்.

2010 ஏப்ரலில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போன ஏழு வயதுப் பையனை, சில மாதங்களிலேயே, இனி வளர்க்க விருப்பமில்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்துத் தனியாக மாஸ்கோவுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அப்போது படித்துக் கொதித்தேன். இப்போதும் மன்னிக்கத் தோன்றவில்லை. ஆனால் இப்போது படிக்கையில் வேறொன்றும் ஓடுகிறது: அந்த மாதங்களில் அவன் என்னென்ன சொல்லியிருப்பான், யாருக்குப் புரிந்திருக்கும்?

நானும் யோக்கியமில்லை. விஷயம் கேள்விப்பட்ட அன்றே அழகான தமிழ்ப் பெயர்களாக 12 தேர்ந்தெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதயக்குறிகள் குவிந்தன. அக்கா மகனுக்குப் பதினோரு வயது. அவன் மட்டும் எழுதினான்: “சித்தி, அவளுக்குத்தான் பேர் இருக்கே.” அழித்துவிட்டேன். அவள் பெயரின் நடுவில் ஓர் ஒலி வருகிறது, தமிழில் இல்லாதது. தொண்டையில் எங்கிருந்தோ எடுக்க வேண்டும். வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் அது சரியாக வருகிறது, அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. எனக்கு இருமல்தான் வருகிறது.

நடுவில் ஒன்று, யாராவது இதே வழியில் போவதாக இருந்தால்: குடியுரிமைக் காகிதத்தை முதல் நாளிலிருந்தே துரத்துங்கள். அமெரிக்காவில் தத்துப்பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை தரும் சட்டம் 2000இல் வந்தது. நடைமுறைக்கு வந்த 2001 பிப்ரவரியில் 18 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு அது கிடையாது. குழந்தையாகப் போனவர்கள், அங்கேயே வளர்ந்து முதிர்ந்தவர்கள், மொழியே தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டிருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை இரண்டாவது வீடியோ கால். இல்லத்துப் பணியாளர் ஒருவர் பக்கத்தில், மொழிபெயர்ப்பாளர் இன்னொரு சதுரத்தில். அத்தான் தன் வாக்கியத்தைச் சொன்னார்: விளக்கு எரியட்டுமா? அவள் முதலில் பணியாளரைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தான் ஏதோ ஓர் எழுத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அவள் திருத்தினாள். அத்தான் மறுபடி சொன்னார். தலையாட்டி மறுபடி திருத்தினாள். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் பதில் வந்தது. எரியட்டும்.

முடிகிற நேரத்தில் மொழிபெயர்ப்பாளரின் இணைப்பு அறுந்துவிட்டது. அப்போது பார்த்து அவள் கேமராவுக்குக் கிட்டே வந்து, வேகமாக என்னவோ சொன்னாள். நீளமான வாக்கியம். ‘தம்பி’ என்பதற்கான சொல் மட்டும் அதில் கேட்டது போல இருந்தது, அக்கா அப்படி இல்லை என்கிறாள். திரை போனதும் நால்வரும் ஆளுக்குக் காதில் விழுந்ததை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதினோம். நான்கும் நான்கு விதம். அந்தத் தாள் இப்போது ஃபிரிட்ஜ் கதவில், 18 வாக்கியங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீச்சர் வகுப்பு வியாழக்கிழமைதான்.